வலிக்குத் தரகு

மணி ஒன்பதே முக்கால். நர்ஸ் அம்மிணி பத்தரைக்கு வருவதாகப் போன் செய்திருக்கிறாள், ஜெபக்கனி என்று பேர், தெற்கத்திப் பெண், ஸ்கூட்டர் தெருமுக்கில் திரும்பும்போதே தெரிந்துவிடும், சைலன்சர் கழன்றுபோய் சளி பிடித்த சேவல் மாதிரி கரகரத்துக்கொண்டு வரும். வந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவாள், கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பாவாயியின் கன்னத்துக் கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்ப்பாள், பொடி தூவுவாள், மறுபடி கட்டுவாள், காலி மாத்திரை அட்டைகளை வாங்கி எண்ணிப் பைக்குள் போடுவாள், எல்லாம் முடிந்தபிறகு அந்தக் கேள்வியைக் கேட்பாள். அம்மாவுக்கு வலி பத்துக்கு எத்தனை? வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போகிற வலியென்றால் பத்து. பரீட்சை மார்க் மாதிரிதான், என்ன, இதில் அதிகமாக வாங்கினால் ஃபெயில். பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காத நான் எழுபத்து நாலு வயதில் மூன்று பரீட்சை எழுதிவிட்டேன். முதலாவதில் நிஜத்தை எழுதினேன். அடுத்த இரண்டிலும் பொய். இன்றைக்கு நாலாவது. பத்துக்கு எத்தனை. ஒன்பது நாற்பத்தாறு. கடிகாரத்தின் பெரிய முள் நகரும்போது லேசாக நடுங்குகிறது, இல்லை, நடுங்குவது என் கண்.

பாவாயி என் வீட்டுக்காரி. அவளால் பேச முடியாது. வாய்க்குள் வந்த புற்று கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது, நாக்கு கட்டையாகிவிட்டது, மூக்கு வழியாகக் குழாய் விட்டு அதில்தான் கஞ்சியும் மருந்தும் ஊற்றுகிறேன். முதல் நாள் ஜெபக்கனி, சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரைக்கும் வரிசையாகப் பொம்மை போட்ட ஒரு அட்டையை நீட்டி, ‘இதுல எந்த மூஞ்சிம்மா ஒங்களுக்கு?’ என்று கேட்டாள். பாவாயி சேலைத் தலைப்பை இழுத்துத் தன் மூஞ்சியை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். அப்போது நான் முந்திரிக்கொட்டை மாதிரி நடுவில் புகுந்தேன். ‘அம்மிணி, எங்களுக்குள்ள வேற பாசை இருக்குதுங்க’ என்று சொல்லித் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டு, அதற்கடியில் என் கையை விட்டேன். மாட்டுத் தரகன் பாஷை. சந்தையில் நூறு பேர் நடுவில் நின்றுகொண்டு விலை பேச வேண்டும், பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது, அதனால் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைப் பிடித்தால் மூன்று, முழுக்கையையும் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் பிறகு இரண்டு விரலைப் பிடித்தால் ஏழு. கட்டைவிரல் நகத்தால் உள்ளங்கையில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால், இதில் உன் தரகு எவ்வளவு என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் ஒரே அறையில் பத்துப் பேர் குடியிருந்தோம், அத்தனை பேருக்கு நடுவிலும் நானும் அவளும் துண்டைப் போட்டுக்கொண்டு இப்படித்தான் பேசினோம், ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டாள், இரண்டாவது வாரத்தில் என்னைத் தோற்கடித்தாள். அன்றைக்கு அவள் முழுக்கையை அமுக்கினாள், அதோடு விட்டுவிட்டாள். ‘அஞ்சுங்க அம்மிணி’ என்றேன். ஜெபக்கனிக்குக் கைதட்டாத குறை. ‘தாத்தா, இனிமே நீங்களே கேட்டுச் சொல்லிருங்க. ஒங்கள விட நல்ல மிசினு எங்க ஆஸ்பத்திரில கெடையாது.’ மிசினு. நல்ல மிசினுதான்.

அன்றைக்குத்தான் அந்த மாத்திரையைக் கையில் கொடுத்தாள், மார்பின் என்று பேர், வெள்ளை, பாசிப்பயறை விடக் கொஞ்சம் பெரியது. நாலு மணி நேரத்துக்கு ஒன்று பொடித்துக் குழாயில் ஊற்ற வேண்டும். ஒரு காகிதத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டாள், வாங்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. ‘தாத்தா, இது அபின் வழியில வர்ற மருந்து. அம்மாவுக்கு இது மருந்து, பயப்படாம குடுங்க. வலி இருக்குற ஒடம்புல இது வலியோட சண்ட போடும். வேற ஆளு தொட்டா அந்த ஆளோடதான் சண்ட போடும், தூக்கத்துலயே மூச்ச நிறுத்திரும். சின்னப் பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க.’ சின்னப் பிள்ளைகளைச் சொன்னாள். இந்த வீட்டில் இருக்கிற ஒரே சின்னப் பிள்ளை நான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன், எனக்கு எட்டுகிற தட்டு.

ஒன்பது ஐம்பத்தைந்து. பத்து மணி மாத்திரைக்கு அட்டையை எடுக்க வேண்டும். இப்போது ஒரு வேளைக்கு இரண்டு. அட்டையில் அமுக்கினால் டப் என்று ஒரு சத்தம் வரும், இன்னொன்றை அமுக்கினால் இன்னொரு டப். எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுக் கரண்டியின் அடிப்பக்கத்தால் நசுக்கினால் ஒரு மாத்திரைக்கு ஒரு நறநறப்பு, இரண்டு மாத்திரைக்கு நீளமான நறநறப்பு. தண்ணீரில் கரைத்தபிறகு ஒன்றா இரண்டா என்று தேவர்கள் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பாவாயி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். மாட்டின் குளம்புச் சத்தத்தை வைத்தே சந்தையில் என்ன நடந்தது என்று சொன்னவள், ‘என்னுங் மாமா, போகயில ரெண்டு உருப்படி, வாரயில ஒண்ணரைதான் கேக்குது, நொண்டிய வாங்கிட்டீங்களாக்கும்’ என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்டவள். இரண்டு டப், ஒரு நறநற. அவளுக்குக் கணக்குத் தெரியாமல் இருக்குமா? தெரியாது என்று ஒரு மாதமாக நான் எனக்கே கதை சொல்லிக்கொண்டிருக்கிறேன், நான் சொன்ன கதைகளிலேயே இந்த ஒன்றைத்தான் நம்ப ஆள் ஒருவன் கிடைத்தான், அதுவும் நானே.

டப். டப். உள்ளங்கையில் இரண்டு கிடக்கின்றன. இன்றைக்கு இரண்டையும் போட்டுவிடு நாச்சிமுத்து. இன்றைக்கு ஒரு நாள். அவள் வருகிற நாள். வாய் உலர்ந்துபோய்க் கொட்டாவி வருகிறது, கண்ணில் தண்ணீர் ஓடுகிறது, அழுகை இல்லை இது, நேரம் தப்பினால் இப்படித்தான் ஓடும், மூக்கும் ஒழுகும், உடம்பு பூராவும் கோழித்தோல் மாதிரி மயிர் எழும்பி நிற்கும். ஒன்றைக் கிண்ணத்தில் போட்டேன். இன்னொன்று கையிலேயே ஒட்டிக்கொண்டது, வியர்வைக்கு. உதறினால் விழுந்திருக்கும். நான் உதறவில்லை. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன், சும்மா வைத்துக்கொள்கிறேன், தின்னப் போவதில்லை, அவள் வந்துபோகிற வரைக்கும் மடியில் இருக்கட்டும், இருக்கிறது என்கிற தைரியத்துக்கு. நறநற. குட்டையாகத்தான் கேட்டது. குழாயில் ஊற்றும்போது பாவாயி கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தாள், முகத்தை அல்ல, கையை. திரும்ப மூடிக்கொண்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தாராபுரம் வட்டாரத்தில் என்னை மாதிரிப் போதைக்காரன் பிறக்கவில்லை என்று நானேதான் ஊர் பூராவும் சொல்லி வைத்திருக்கிறேன். சந்தையில் ஒரு சாமியார் கொடுத்த கஞ்சாவை நானும் ஒரு காங்கேயம் எருதும் மாற்றி மாற்றி இழுத்தோம், எருதுக்கு ஞானம் வந்து, ‘நாச்சிமுத்து, என்னையச் செம்மண் காட்டுக்காரனுக்கு விக்காதே, குளம்பு தேயும்’ என்று சொன்னது, இது ஒரு கதை. ஒரு தொட்டிச் சாராயத்தைக் குடித்துவிட்டு ஓடுகிற ரயிலை வாலைப் பிடித்து நிறுத்தினேன், இது ஒரு கதை. டீக்கடையில் சிரித்துச் சிரித்துப் புரையேறும். வீட்டில் பாவாயி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்பாள், ஒவ்வொரு வரிக்கும் ‘ம்’ போடுவாள், கதை கேட்கிறவர் ‘ம்’ போட்டால்தானே சொல்கிறவனுக்கு ஓட்டம் வரும், முடிந்ததும், ‘ஏனுங் மாமா, அந்த எருது தமிழ்ல பேசுச்சா, தெலுங்குல பேசுச்சா? மைசூர்ப் பக்கத்து எருதுன்னா கன்னடமில்ல பேசணும்?’ என்பாள். நிஜம் என்னவென்றால் நான் ஒன்றையும் தொட்டதில்லை. ஒரே ஒரு தடவை பீடி குடித்துப் பார்த்தேன், மாடு வாங்க வந்தவரின் வெள்ளை வேட்டியில் வாந்தி எடுத்தேன், பேரம் முறிந்தது. அவ்வளவுதான் என் பராக்கிரமம். இத்தனை வருஷம் இல்லாத போதையைச் சொல்லி வாங்கித் தின்ற கைதட்டலுக்கெல்லாம் சேர்த்து இப்போது நிஜமாகவே ஒன்று வந்து மடியில் உட்கார்ந்திருக்கிறது, இதை எந்த டீக்கடையில் சொல்வது.

முழங்கால் வலிதான் முதல் சாக்கு. ஒரு நாள் மத்தியானம் பாவாயி வாந்தி எடுத்தாள், அந்த வேளை மாத்திரை ஒன்று மிச்சமானது. முழங்காலோ காலையிலிருந்து ஆணி அடித்த மாதிரி. ஒன்று தின்றால் என்ன, வலிக்குத்தானே மாத்திரை, வலி யாருடையது என்று அதற்கு எப்படித் தெரியும். தின்றேன். அரை மணி நேரத்தில் முழங்கால் யாரோ இரவல் வாங்கிப் போன மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன், வெயில் ஜன்னல் கம்பியில் வெல்லப்பாகு மாதிரி வழிந்தது, பசியில்லை, வயசில்லை. இவ்வளவுதான் என்றால் இதோடு விட்டிருப்பேன். ஆனால் பாவாயி முனகிக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக இந்த அறையில் எந்நேரமும் இருக்கிற முனகல், மாவு மில் பக்கத்தில் குடியிருக்கிறவன் காதில் மாதிரி என் காதில் ஓடிக்கொண்டே இருந்த முனகல். அது நின்றுவிட்டது. அவள் நிறுத்தவில்லை, வாய் அசைவது தெரிகிறது, நெஞ்சு ஏறி இறங்குகிறது, எனக்குத்தான் கேட்கவில்லை, கேட்டாலும் பக்கத்துத் தெருவில் யாருக்கோ என்கிற மாதிரி இருந்தது. அதற்குத்தான் மறுநாள் அவளுடைய ஒரு வேளையை எடுத்துத் தின்றேன். முழங்காலுக்கு அல்ல. அவள் வலி எனக்குக் கேட்காமல் இருக்க அவள் மருந்தை நான் தின்றேன். இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை, இப்போது யார் ஊமை.

இரண்டாவது பரீட்சையில் அவள் நாலு விரலைப் பிடித்தாள். ஐந்து நாலாகியிருந்தது, மாத்திரை வேலை செய்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன், ‘ஏழுங்க’ என்றேன். தரகனின் வாய். உள்ளே நாலு, வெளியே ஏழு, நடுவில் இருக்கிற மூன்று தரகனுக்கு. ஜெபக்கனி பதறிப்போய் டாக்டருக்குப் போன் போட்டாள், ஒன்று இரண்டானது. பாவாயிக்குக் காது நன்றாகக் கேட்கும். ஏழு என்று நான் சொன்னதைக் கேட்டாள். கேட்டுவிட்டு, கட்டுக்கு மேலே கண் சிரித்தது, தன் மனுஷன் தனக்காகக் கூட்டிக் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள், நல்ல தரகன் அப்படித்தானே தன் ஆளுக்காகக் கூட்டிக் கேட்பான். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவளுக்கு ஒன்றே போதும் என்று அவள் விரலே சொன்னதே, நான் எதைத் திருடினேன், இது என் தரகு. வலிக்குத் தரகு வாங்கினவன் என்னைத் தவிர உலகத்தில் யாராவது உண்டா? இதையே கதையாக்கினால் டீக்கடை கூரை பிய்த்துக்கொண்டு போகும்.

பத்து மணி ஐந்து. ஈ ஒன்று கட்டின் மேல் உட்காருகிறது, விசிறியால் ஓட்டுகிறேன், புகையிலை வாசம் வருகிறது, எங்கிருந்து வரும், அவள் புகையிலையை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது, என் மூக்குக்குள்ளேயே இருக்கிற வாசம் அது. அவளுக்கு அதைக் கொடுத்தவன் யார். இப்போது திருப்பூரில் இருக்கிற பெரிய மகள் பிறந்து மூன்றாம் மாதம் பாவாயிக்குப் பல்வலி, தாடை வீங்கி அழுகிறாள், நான் சந்தையிலிருந்து ஒரு துண்டுப் புகையிலை கொண்டுவந்து, ‘இது மகாராசா தோட்டத்துப் புகையிலை, இதைக் கடவாயில அடக்குனா யானைக்கே பல்வலி போயிரும்’ என்றேன். யானை ஏன் வந்தது கதையில், தெரியாது, வாயைத் திறந்தால் யானை வரும் எனக்கு. அடக்கினாள். வலி போயிற்று. வலிதான் போயிற்று, புகையிலை போகவில்லை, ஐம்பது வருஷம் அதே கடவாயில் அதே இடத்தில். வாரா வாரம் சந்தையிலிருந்து வரும்போது பூவை மறந்தாலும் அதை மறக்க மாட்டேன். கஞ்சாவா, சாராயமா, போலீசு பிடிக்கிற சரக்கா? எந்தப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்கும். பிற்பாடு பொட்டலத்தின் மேல் அழுகின வாயைப் படமாகப் போட்டு விற்றார்கள். பாவாயிக்குப் படிப்பு வராது, படத்தைப் பார்த்து, ‘என்னுங் இது செவசெவன்னு?’ என்றாள். ‘மாதுளம்பழத்தைப் பிளந்து வெச்சிருக்கறான், வாசத்துக்கு’ என்றேன். சிரிப்பதற்காகச் சொன்னேன். அவள் ‘ம்’ என்றாள். அடுத்த பொட்டலத்திலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் கொடுத்தேன். சிரிப்பதற்காக என்றால் எதற்குக் கிழித்தேன்? இந்த இடத்துக்கு வந்ததும் புத்தி செக்கு மாடு மாதிரி திரும்ப முதல் இடத்துக்கே போய்விடுகிறது, யானை, மகாராசா, மாதுளம்பழம். இப்போது கட்டைப் பிரிக்கும்போது ஜெபக்கனி விளக்கைப் பக்கத்தில் கொண்டுவரச் சொல்வாள், நான் மாதுளம்பழத்தைப் பார்ப்பேன்.

மூன்றாவது பரீட்சை, இரண்டு வாரத்துக்கு முன்னால். அவள் முழுக்கையை அமுக்கினாள், விட்டாள், இரண்டு விரலைப் பிடித்தாள், விடவே இல்லை, நகம் பதிந்தது. ஏழு. நான் முன்னால் பொய்யாகச் சொன்ன அதே ஏழு, தேடிக்கொண்டு நிஜமாகவே வந்துவிட்டது. ஏழு என்று சொன்னால் டாக்டர் வருவார், இரண்டு மாத்திரையும் கேட்கவில்லையா என்று யோசிப்பார், ஆஸ்பத்திரியிலேயே படுக்க வையுங்கள் என்பார், அங்கே அவர்களே கையால் ஊற்றுவார்கள். என் பங்கு? ‘நாலுங்க அம்மிணி, இப்பத் தேவலைங்க’ என்றேன். நாலை ஏழாக்கினவன் ஏழை நாலாக்கினேன். ஜெபக்கனி சந்தோஷமாக எழுதிக்கொண்டாள். இந்தத் தடவை பாவாயியின் கண் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தது. அன்று மத்தியானம் பேச்சை மாற்ற அந்தப் பேசின எருதுக் கதையையே எடுத்தேன், அவளுக்கு மிச்சமிருக்கிற ஒரே சத்தம் அந்த ‘ம்’தான், அதற்கு நாக்கு வேண்டாம், எத்தனை வலியிலும் என் கதைக்கு ‘ம்’ போட்டுக்கொண்டிருந்தவள். ஒரு வரி சொன்னேன். சத்தமில்லை. இரண்டு வரி சொன்னேன். தூங்கிவிட்டாளோ என்று பார்த்தேன், முழித்துக்கொண்டுதான் இருந்தாள். எருதை நடுச்சந்தையிலேயே நிற்க வைத்துவிட்டுக் கதையை நிறுத்தினேன். அன்றையிலிருந்து இந்த வீட்டில் ‘ம்’ கிடையாது.

நிறுத்தப் பார்த்தேன், இல்லையென்று சொல்லாதே. முந்தாநாள் ஒரு நாள் பூராவும் தொடவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன், மூக்கு ஒழுகிற்று, வயிறு முறுக்கிற்று, கால் இரண்டும் தன்னாலே உதைத்துக்கொண்டன, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி. சாயங்காலம் அட்டையில் ஒரு டப், அரை மணியில் எல்லாம் அடங்கிற்று. அப்போதுதான் புரிந்தது, ஐம்பது வருஷம் எத்தனை மூக்கில் கயிறு கோத்திருப்பேன், என் மூக்கில் இருக்கிற கயிறு எனக்குத் தெரியவில்லை. அதற்கு முந்தின நாள், அதை நினைக்க வேண்டாம், நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வருகிறது. காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். டங் டங் டங் என்று எங்கேயோ கோயில் மணி. யாரோ பூசை பண்ணுகிறார்கள், பண்ணட்டும் என்று இருந்தேன், இதமாக இருந்தது. டங் டங் டங். கண்ணைத் திறந்தால் பாவாயி கட்டிலின் இரும்புக் கம்பியில் எவர்சில்வர் டம்ளரால் அடித்துக்கொண்டிருக்கிறாள், கை ரத்தம் கட்டியிருக்கிறது, எவ்வளவு நேரமாக அடித்தாளோ, பால் பொங்கி அடுப்பு அணைந்து வீடு பூராவும் கேஸ் நாற்றம். கத்த வாயில்லாதவள். எழுந்து நடக்கக் கால் இல்லாதவள். கேஸை மூடினேன், கதவைத் திறந்தேன், ஜன்னலைத் திறந்தேன், வந்து அவள் முன்னால் நின்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே, ‘பூனை வந்து அடுப்பைத் தட்டிட்டுதாட்ட இருக்குது பாவாயி’ என்றேன். பூனை. அந்த நேரத்திலும் பூனை வருகிறது என் வாயில். அவள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பத்தே கால். இன்றைக்கு எத்தனை சொல்வது. நாலு என்று சொன்னால் எல்லாம் இப்படியே ஓடும். அட்டைகள் சரியாக இருக்கும், அத்தனையும் காலி, யாராலும் என்னைப் பிடிக்க முடியாது. பிடிக்க முடியாத திருட்டு இது, சந்தையில் இருந்தால் மார்தட்டியிருப்பேன். பத்து என்று சொல்லலாம், மாத்திரை மூன்றாகும், அவளுக்கு இரண்டு எனக்கு ஒன்று, இரண்டு பேருக்கும் நல்லதுதானே. பார், பார், கூட்டுகிறது பார் புத்தி. ஒரு மயிலை எருது, பின்னங்கால் நொண்டி, சந்தையன்று விடியற்காலையில் வலி ஊசி போட்டுக் கொண்டுபோனேன், ராஜா மாதிரி நடந்தது, வாங்கினவர் திருநீறு பூசி ஓட்டிக்கொண்டு போனார், மறுநாள் அவர் காட்டில் அது எழுந்திருக்கவில்லை. வலி எங்கேயும் போகவில்லை, துண்டுக்கடியில் இருந்தது. விற்ற அன்றைக்கு அது போகும்போது கழுத்தைத் திருப்பி ஒரு தடவை என்னைப் பார்த்தது. அது பேசவில்லை. என் கதையில் எருது பேசும். நிஜ எருது பேசவே இல்லை, அதனால்தான் கதையில் பேச வைத்தேனோ என்னவோ. பாவாயியும் பேசவில்லை. கரகரவென்று ஸ்கூட்டர் சத்தம். சேவல். தெருமுக்கு.

‘என்ன தாத்தா, மூஞ்சியெல்லாம் வேர்த்துருக்கு? பாட்டிகூட சண்டையா?’ கையைக் கழுவிக்கொண்டே கேட்கிறாள். ‘சண்டைக்கு அவ வரமாட்டேங்கறாளே அம்மிணி’ என்று வாய் தானாகச் சொல்கிறது. சிரிக்கிறாள். கட்டைப் பிரிக்கிறாள், நான் விளக்கைப் பிடிக்கிறேன், மாதுளம்பழத்தைப் பார்க்கிறேன். பாவாயியின் கழுத்து நரம்பு கயிறு மாதிரி தெறிக்கிறது. ‘கொஞ்சம் பொறுத்துக்கங்கம்மா, இந்தா முடிஞ்சிட்டு.’ பொடி. பஞ்சு. கட்டு. அட்டைகளை எண்ணுகிறாள். ‘எல்லாம் சரியா இருக்கு. ஒங்கள மாதிரி ஒழுங்கா குடுக்க ஆளு கெடைக்கணும் தாத்தா.’ மடியில் அந்த ஒன்று நெருப்புத் துணுக்கு மாதிரி இருக்கிறது. நோட்டை எடுக்கிறாள், பேனா மூடியைப் பல்லால் கழற்றுகிறாள்.

‘சரி, மிசின ஓட்டுங்க. அம்மாவுக்கு வலி பத்துக்கு எத்தன?’

துண்டை எடுத்துப் பாவாயியின் கைமேல் போட்டு, அதற்கடியில் கையை விட்டேன். சுடுகிறது அவள் கை. நான் காத்திருந்தேன். விரலைப் பிடிக்கவில்லை. முழுக்கையை அமுக்கவில்லை. ஒன்றுமே வரவில்லை. ஜெபக்கனி பேனாவைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்க்கிறாள், வாய்க்குள் நாலு தயாராக இருக்கிறது. அப்போது நகம். கட்டைவிரல் நகம் என் உள்ளங்கையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், குறுக்கே, அவசரமில்லாமல், ஒரு கோடு.

இதில் உன் தரகு எவ்வளவு.

பேரம் நடக்கிறபோது துண்டை விலக்குகிற தரகன் கிடையாது. விலக்கினால் அவனை அப்புறம் எந்தச் சந்தையிலும் சேர்க்க மாட்டார்கள். நான் துண்டை விலக்கினேன். எங்கள் இரண்டு கையும் வெளிச்சத்தில் கிடந்தன, அவளுடையதில் டம்ளரால் வந்த ரத்தக்கட்டு, என்னுடையதில் வெள்ளைக் கோடு.

‘அம்மிணி, முன்ன ரெண்டு தடவை நான் சொன்னது பொய்யிங்க. அவ நாலு சொன்னா, நான் ஏழுன்னேன். அவ ஏழு சொன்னா, நான் நாலுன்னேன். ரெண்டுல ஒண்ணு அவளுக்குப் போகலைங்க. நான் தின்னுட்டு இருக்கறனுங்க.’

ஜெபக்கனி பேனா மூடியைக் கடித்தபடியே சிரித்துவிட்டாள். ‘நல்லாருக்கே. எருது பேசுன கத முடிஞ்சி இப்ப மாத்திர தின்ன கதையா? அடுத்த வாட்டி எருதுக்கும் ரெண்டு குடுத்தேம்பீங்க.’

‘ம்.’

சின்னதாகத்தான் கேட்டது. கட்டிலிலிருந்து. ஜெபக்கனி திரும்பிப் பாவாயியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், அவள் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. நான் மடிப்பை அவிழ்த்து அந்த மாத்திரையை எடுத்து ஸ்டூலின் மேல் வைத்தேன், வியர்வையில் ஓரம் கரைந்திருந்தது. ஜெபக்கனி டார்ச்சை எடுத்து என் கண்ணில் அடித்துக் கண்மணியைப் பார்த்தாள்.

‘எத்தன நாளா?’

‘ஒரு மாசத்துக்கு மேலயே ஆச்சுங்க.’

‘எம்புட்டு?’

சொன்னேன். கூட்டாமல் குறைக்காமல் ஒரு எண்ணைச் சொல்வது எவ்வளவு கஷ்டம், நாக்கு புரள மாட்டேன் என்கிறது.

‘செத்துருப்பீங்க தாத்தா. நீங்க செத்துருந்தா இவங்களுக்கு யாரு தண்ணி ஊத்துவா?’ மிச்ச அட்டைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். ‘இனிமே மாத்திர பொட்டி ஒங்க கையில இருக்காது. திருப்பூர்லருந்து மக வரட்டும். ஒங்களையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன், நீங்களா நிறுத்துறேன்னு கெளம்பாதீங்க, அவரு சொல்றபடிதான் எறக்கணும். இப்ப ஒங்க கதைய விடுங்க. மொதல்ல அம்மா.’

அட்டையிலிருந்து ஒரு டப். கிண்ணத்தில் ஒரு நறநற. ஜெபக்கனி தன் கையாலேயே குழாயில் ஊற்றினாள். மடியிலிருந்து வந்ததைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் போட்டாள். என் கண் அந்தக் காகிதத்தின் பின்னாலேயே பை வரைக்கும் போயிற்று, போகாதே என்றேன், போயிற்று. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. துண்டால் துடைக்கப் போய், துண்டு தரையில் கிடப்பதைப் பார்த்தேன், குனிந்து எடுக்கவில்லை.

‘இப்பச் சொல்லுங்கம்மா’ என்று பாவாயியிடமே கேட்டாள் ஜெபக்கனி. ‘பத்துக்கு எத்தன?’

பாவாயி என் கையைத்தான் தேடிப் பிடித்தாள். திறந்த வெளிச்சத்தில், யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி. முழுக்கையையும் ஒரு அமுக்கு. விட்டாள். பிறகு ஒரு விரல். இன்னொன்று. இன்னொன்று. இன்னொன்று.

‘ஒம்பதுங்க அம்மிணி’ என்றேன். ‘ஒம்பது. எழுதிக்கங்க.’